பழைய நகைச்சுவைப் படமும் வீட்டுப் பாப்கார்னும்: மண்டபத்து மொட்டை மாடியிலிருந்து சில பதில்கள்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கோடைக்குக் கோடை பழைய நகைச்சுவைப் படங்கள் போடுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். வருடம் முழுவதும் இரவில் வீட்டில் இல்லாத சித்தப்பாக்களும் மச்சான்மார்களும் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள். இரண்டு வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த திரை, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், ஒரு கனமான இரும்புச் சட்டி. இவ்வளவுதான் எங்கள் கொட்டகை. வந்து பார்த்தவர்களும், கேள்விப்பட்டுத் தங்கள் வீட்டில் செய்ய நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எந்தப் படத்துக்கும் எந்தப் பாப்கார்னும் சாப்பிடலாமே? எதற்கு ஜோடி சேர்க்க வேண்டும்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ‘காதலிக்க நேரமில்லை’ படம் போட்ட இரவு அந்த நினைப்பு மாறியது. 1964இல் ஸ்ரீதர் இயக்கிய படம். சினிமா எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ், தந்தை டி.எஸ். பாலையாவை உட்கார வைத்துப் பேய்க்கதை சொல்லும் காட்சி வந்தது. அந்தக் காட்சியில் இசையைவிட நாகேஷின் வாய்தான் அதிகம் வேலை செய்கிறது. கதவுச் சத்தம், காலடிச் சத்தம், காற்றுச் சத்தம் எல்லாம் அவர் தொண்டையிலிருந்தே வரும். நான் கருப்பட்டிப் பாகில் புரட்டிய பாப்கார்னைக் கடகடவென்று மென்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அப்பத்தா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் வாய் ஓய்ந்த பிறகுதான் அந்தச் சின்னச் சின்ன ஒலிகள் எனக்கே கேட்டன. நாம் மெல்லும் சத்தம் தாடை எலும்பு வழியாக நம் காதுக்குள்ளேயே போகிறது. அடுத்தவருக்குக் கேட்பதைவிட நமக்கு அது பல மடங்கு பெரிதாகக் கேட்கும்.

அன்று முதல் எங்கள் கணக்கு இதுதான்: காதால் சிரிக்க வேண்டிய படத்துக்குச் சத்தம் இல்லாத பாப்கார்ன், கண்ணால் சிரிக்க வேண்டிய படத்துக்கு மொறுமொறுப்பானது. சுவைப் பொருத்தம் அதற்கு அடுத்ததுதான்.

கடையில் விற்கும் மக்காச்சோளம் எல்லாமே பொரியுமா?

பொரியாது. ‘பாப்கார்ன் சோளம்’ என்று கேட்டு வாங்க வேண்டும். மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகும் மக்காச்சோளத்தின் தோல் அவ்வளவு கெட்டியாக இராது. பாப்கார்ன் சோளத்தின் தோலோ இறுக மூடிய குக்கர் மாதிரி. மணியின் எடையில் ஏறத்தாழ 14 சதவீதம் ஈரம் உள்ளே அடைபட்டிருக்கும். சூடு 180 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அந்த ஈரம் ஆவியாகி, காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தம் கொடுக்கிறது. தோல் வெடிக்கிறது. உள்ளே குழைந்திருந்த மாவுச்சத்து நுரைபோல் விரிந்து அப்படியே காய்ந்து நின்றுவிடுகிறது.

மக்காச்சோளம் அல்லாத நம் ஊர்ச் சிறுமணிச் சோளத்தையும் பொரிக்கலாம். அதன் பொரி மல்லிகை அரும்பு அளவில்தான் இருக்கும், சத்தமும் குறைவு. வசனம் நிறைந்த படத்துக்கு அது அருமையான துணை என்பதால் இதைச் சொல்கிறேன்.

சட்டியில் பொரிக்கும் முறையைச் சொல்லுங்கள்.

இரண்டு பேருக்கு 50 கிராம் மணி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். அடிகனமான சட்டியில் எண்ணெய் விட்டு மூன்று மணிகளை மட்டும் போடுங்கள். மூன்றும் வெடித்ததும் எடுத்துவிட்டு, மீதி மணியைக் கொட்டி, அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் வையுங்கள். எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வருவதற்காக இது. பிறகு மீண்டும் மிதமான தீ. மூடியை இறுக மூடாமல் ஓர் ஓரத்தில் விரல் நுழையும் அளவு திறந்து வையுங்கள். வெடிக்கும் ஒவ்வொரு மணியும் ஆவியை வெளியே விடுகிறது. முழுக்க மூடினால் அந்த ஆவி மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து, பொரியின் மேலேயே சொட்டி, எல்லாவற்றையும் சவசவவென்று ஆக்கிவிடும். இரண்டு வெடிப்புக்கு நடுவே இரண்டு விநாடி இடைவெளி வந்ததும் இறக்கிவிடுங்கள். கடைசி மணி வரை காத்திருந்தால் கருகும்.

கடலை எண்ணெய் எனக்குப் பிடிக்கும். செக்குத் தேங்காய் எண்ணெய் நன்றாக மணக்கும், ஆனால் சீக்கிரம் புகையும் என்பதால் தீயைக் குறைத்தே வைக்க வேண்டும். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாடை மற்ற எல்லாச் சுவையையும் மூடிவிடும்.

உப்பு எல்லாம் சட்டியின் அடியிலேயே தங்கிவிடுகிறது. என்ன செய்வது?

உப்பைப் பொடியுங்கள். எங்களுக்கு உப்புக்குப் பஞ்சம் இல்லை, வாலிநோக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பளம்தான். அந்தக் கல்லுப்பை வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்து, மிக்சியில் மாவாக அரைத்து, துணியில் சலித்து வைத்துக்கொள்வோம். விரலில் தொட்டால் பவுடர் மாதிரி ஒட்ட வேண்டும். பொரி சூடாக இருக்கும்போதே தூவிக் குலுக்குங்கள். மிளகாய்ப் பொடி, மிளகுப் பொடி எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. கொதிக்கும் எண்ணெயில் மிளகாய்ப் பொடியைப் போட்டால் பொடி கருகும், வீடே இருமும்.

கடற்கரை ஈரக்காற்றில் பாப்கார்ன் பத்து நிமிடத்தில் நமத்துப்போகிறதே?

இராமேசுவரம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி என்று எங்கே போனாலும் இதே வருத்தம்தான். பொரி காற்றிலுள்ள ஈரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சும். நாங்கள் கண்டுபிடித்த வழி, மொத்தமாகப் பொரிக்காமல் இருப்பது. நம் படங்களில் பாட்டு இருக்கிறதே! ஒரு பாட்டு ஓடுகிற நேரத்தில் ஒரு சட்டி பொரித்துவிடலாம். மாடியிலேயே ஓர் அடுப்பை வைத்துக்கொண்டு, படத்துக்கு மூன்று தடவை புதிதாகப் பொரிக்கிறோம். பாட்டு நடக்கும்போது சட்டிச் சத்தம் யாருக்கும் தொந்தரவாகத் தெரிவதில்லை.

நமத்துப்போனதை வெறும் சட்டியில் சின்னத் தீயில் நான்கு நிமிடம் புரட்டினால் ஓரளவு மீளும். பொரிக்காத மணியைக் காற்றுப்புகாத கண்ணாடிச் சாடியில் வையுங்கள். ஈரம் கூடிய மணி சிறியதாக, மெத்தென்று பொரியும். காய்ந்துபோன மணி பொரியவே பொரியாது. காய்ந்ததற்கு மருந்து உண்டு: சாடி மணிக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, தினமும் இரண்டு முறை குலுக்கி, நான்கைந்து நாள் வைத்துப் பாருங்கள்.

எதில் போட்டுக் கொடுக்கிறீர்கள்?

பனையோலைக் கொட்டானில். கோடையில் கச்சான் காற்று எழும்பினால் தட்டில் இருக்கும் பொரி பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும். கொட்டான் ஆழமானது. ஓலை முடைந்த இடுக்கு வழியாக ஆவி வெளியேறும், அடியில் வேர்க்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, கையை விட்டு எடுத்தால் காகிதப் பொட்டலம் மாதிரி சரசரக்காது.

சரி, எந்தப் படத்துக்கு எது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

‘சபாபதி’ (1941) பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து வந்த படம். மந்தபுத்திக்கார எசமான் சபாபதியாக டி.ஆர். ராமச்சந்திரன், அவரைவிட மந்தமான வேலைக்காரன் சபாபதியாக காளி என். ரத்தினம். எசமான் ஒன்று சொல்ல, வேலைக்காரன் அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டு வேறொன்று செய்வான். முழுக்கச் சொல்விளையாட்டு. அந்தக் கால ஒலிப்பதிவு என்பதால் சில இடங்களில் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருக்கிறது. இதற்கு நம் சோளப்பொரியும் பொடியுப்பும் போதும். நெய் ஒரு கரண்டி உருக்கி ஊற்றினால் இன்னும் மெத்தென்றிருக்கும்.

‘சபாஷ் மீனா’ (1958) படத்தை எங்கள் பக்கத்தில் தனிப் பாசத்தோடு பார்ப்பார்கள். இரட்டை வேடத்தில் வரும் சந்திரபாபு பிறந்தது தூத்துக்குடியில், இதே மன்னார் வளைகுடாக் கரையில். உடம்பை ரப்பர்போல் வளைத்து நடிக்கிறவர் அவர். கண்ணுக்கு அவ்வளவு வேலை இருப்பதால் மொறுமொறுப்பு இங்கே தடை இல்லை. மிளகு, சீரகம், கறிவேப்பிலை மூன்றையும் தனித்தனியே வறுத்துப் பொடித்துத் தூவுங்கள்.

‘அனுபவி ராஜா அனுபவி’ (1967) நாகேஷ் இரட்டை வேடம் போட்ட கே. பாலசந்தர் படம். முத்துக்குளிப்பைச் சொல்லித் தொடங்கும் பாட்டு வரும்போது எங்கள் மாடியில் பாடாத வாய் கிடையாது. வாயில் பொரி இருந்தால் பாட முடியாது என்பதால் அந்தப் பாட்டுக்கு முன்பே கொட்டானைக் காலி செய்துவிடச் சொல்வேன்.

‘காசேதான் கடவுளடா’ (1972) சித்ராலயா கோபுவின் படம். போலிச் சாமியாராக வருகிறவர் தேங்காய் சீனிவாசன். நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவருக்குத் தேங்காயைத் தவிர வேறு எதை ஜோடி சேர்ப்பது? கீழக்கரைத் தொதலை மனத்தில் வைத்து இந்தப் பாப்கார்னைச் செய்யப் பல தடவை முயன்றேன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணிக்கணக்கில் கிளறி எடுக்கும் அந்த அல்வாவின் ருசி பொரியில் ஏற வேண்டும் என்று ஆசை. பாலை எவ்வளவு சுண்டக் காய்ச்சினாலும் பொரி சுருங்கிப்போனது. கடைசியில் எதிர்வீட்டு அக்கா, அவருக்குக் கீழக்கரைதான் பிறந்த ஊர், வழி சொன்னார். பாலை விட்டுவிட்டுக் கொப்பரையை மெல்லியதாகத் துருவி, பொன்னிறமாக அதன் எண்ணெய் கசியும்வரை வறுத்து, பொடித்த கருப்பட்டியும் ஒரு சிட்டிகை ஏலக்காயும் சேர்த்துச் சூட்டோடு தூவச் சொன்னார். கொப்பரையின் எண்ணெயே பசையாகிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு மென்றால் தொதல்தான்.

‘தில்லு முல்லு’ (1981) படத்தில் ரஜினிகாந்த் மீசையோடு ஓர் ஆள், மீசை இல்லாமல் ஓர் ஆள் என்று முதலாளியை நம்பவைப்பார். அங்கும் முதலாளி தேங்காய் சீனிவாசன்தான். இதற்கு ஒரே கொட்டானில் பாதி இனிப்பு, பாதி காரம். எது கையில் வருகிறது என்று தெரியாமல் எடுக்கும்போது பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிடுகிறது.

‘கரகாட்டக்காரன்’ (1989) வந்தால் தயங்காமல் காரத்தைக் கொட்டுங்கள். கவுண்டமணி–செந்தில் வாழைப்பழக் காட்சியின் ஒவ்வொரு வரியும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். மனப்பாடமான நகைச்சுவைக்குக் காது தேவையில்லை, எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கடிக்கலாம். இதற்கென்றே எங்கள் மாவட்டத்து முண்டு மிளகாய் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற குண்டு குண்டான வத்தல். நிறமும் மணமும் தூக்கலாக இருக்கும். நான்கு வத்தலை எண்ணெய் இல்லாமல் வறுத்து, தோலோடு வதக்கிக் காயவைத்த பூண்டு, உப்புடன் பொடித்துக்கொள்ளுங்கள். விதையைத் தட்டிவிட்டால் சின்னப் பிள்ளைகளும் சாப்பிடலாம்.

‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்துக்கு மீன் பாப்கார்ன் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். எங்கள் மாடியில் அதிகம் கேட்டு வாங்கப்படுவதும் அதுவே. 1990இல் வந்த இந்தப் படத்தில் நான்கு வேடங்களில் நடித்த கமல்ஹாசன் பிறந்தது இதே மாவட்டத்துப் பரமக்குடியில். கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடும் காட்சியை மீன்பிடிக் குடும்பங்கள் பார்ப்பதை நீங்கள் ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும். சைவ விருந்தில் மீன் விழுந்ததற்குப் படத்தில் வருகிறவர்கள் படும் பதற்றம் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவ்வளவு வேடிக்கை. “நல்ல மீனுதானே, விடுங்க!” என்று திரையைப் பார்த்துச் சத்தம் போடுவார்கள்.

ஆனால் கவனமாக இருங்கள். கிரேசி மோகன் வசனம் மழைபோல் கொட்டுகிற படம் இது. ஒன்றுக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு போய்விடும். ஆகவே பொடி காரசாரமாக இருக்கலாம், பொரி மட்டும் மெத்தென்று இருக்க வேண்டும். மாசிக் கருவாட்டை, அதாவது உலர்த்திய சூரை மீனை, இடித்துச் சிறு துண்டுகளாக்குங்கள். வாசம் எழும்வரை சின்னத் தீயில் வறுங்கள். இரண்டு முண்டு வத்தல், ஒரு கொத்துக் கறிவேப்பிலை சேர்த்துப் பொடித்து, சூடான பொரியில் ஒரு கரண்டி நெய்யோடு குலுக்குங்கள். மாசியிலேயே உப்பு இருக்கிறது, தனியாகச் சேர்க்காதீர்கள். சைவக்காரர்களுக்கான கொட்டானை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அவர்கள் கொட்டானில் மீன் விழக்கூடாது.

கருப்பட்டிப் பாப்கார்னில் பாகு பதம் தவறிவிடுகிறது.

கார்த்திகைப் பொரி உருண்டை பிடித்த கை என்றால் தவறாது, அதே பதம்தான். 50 கிராம் மணிக்கு 100 கிராம் கருப்பட்டி. கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள், அடியில் மண் இருக்கும். கொதிக்கவிட்டு, கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அதை எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். அப்போது சுக்குப்பொடியும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போட்டதும் பாகு நுரைத்துப் பொங்கும். பொரியை உடனே கொட்டிப் புரட்டுங்கள். அந்த நுரைதான் பாகைக் கல்லாக இறுக விடாமல் காக்கிறது. பாகு கையில் பட்டால் தோலோடு வந்துவிடும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

இதுதான் பாப்கார்ன்களில் சத்தம் மிகுந்தது. ‘காதலிக்க நேரமில்லை’க்கு நான் அன்று செய்த தவறு இதுவே. இதன் சரியான ஜோடி சார்லி சாப்ளின். ‘தி கோல்டு ரஷ்’ (1925) பேசாத படம். பசி தாங்காமல் சாப்ளின் பூட்ஸை வேகவைத்து, ஆணிகளை மீன் முள்போல் சப்பிச் சாப்பிடும்போது மாடி முழுவதும் கடக் கடக்கென்று மெல்லும் சத்தம் கேட்கும். யாருக்கும் எதுவும் தவறிப்போவதில்லை. காது மந்தமான பெரியவர்கள் மற்றவர்களோடு ஒரே நொடியில் சிரிக்கும் படமும் இதுதான்.

சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. பொரியும் பொரியாத மணியும் மூச்சுக்குழாயில் சிக்கும். சிரித்துக்கொண்டே மெல்லும்போது ஆபத்து இன்னும் அதிகம். அவர்களுக்கு வாழைப்பழத்தை மசித்துக் கொடுங்கள். பெரிய பிள்ளைகளையும் ஓடிக்கொண்டே சாப்பிட விடாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருப்பட்டி நல்லதாமே?

கருப்பட்டியும் சர்க்கரைதான். அவர்களுக்கு மிளகு–சீரகப் பொரியைக் கொடுங்கள், அளவோடு.

பல் இல்லாத பெரியவர்கள் என்ன செய்வது?

அப்பத்தாவுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். பொரித்ததில் பெரியதாக விரிந்த பூக்களை மட்டும் பொறுக்கி, தோல் ஒட்டியிருக்கும் அடிப்பகுதியைக் கிள்ளிவிட்டு, வெண்மையான பகுதியைப் பனங்கற்கண்டு போட்ட சூடான பாலில் நனைத்துக் கொடுப்பேன். அரை நொடியில் கரைந்துவிடும். ஒரு கிண்ணத்துக்கு இருபது பூ கிள்ள வேண்டியிருக்கும். படம் தொடங்குமுன் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து அதைக் கிள்ளுவதுதான் அந்த நாளில் எனக்குப் பிடித்த வேலை.

படத்தின் நடுவே மின்சாரம் போய்விட்டால்?

அடுப்பு எரிகிறதே, இன்னொரு சட்டி பொரிப்போம். சித்தப்பா எழுந்து அதுவரை வந்த கதையை நாகேஷ் மாதிரி சத்தங்களோடு முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார்.

நாங்களும் வரலாமா?

தடைக்காலத்தில் சனிக்கிழமைதோறும் படம் உண்டு. இரவுத் தொழுகை முடிந்து வருகிறவர்களுக்காக ஒன்பது மணிக்குத்தான் தொடங்குவோம். கொட்டான் மட்டும் வீட்டுக்கு ஒன்று கொண்டு வாருங்கள், எங்களிடம் பதினொன்றுதான் இருக்கிறது.